ஸ்டெப்னிக்கு இடம் இருந்தது

என் அக்கா பேபி எதனால் செத்தாள் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்னென்னவோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் மகன் பரத் பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அவனுக்கே பாதி புரியவில்லை. எனக்கு அந்தக் காகிதம் வேண்டாம். ஒரு வண்டியில் பாத்ரூம் வைப்பதா, ஸ்டெப்னி டயர் வைப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. ஸ்டெப்னி ஜெயித்தது. என் அக்கா போய்விட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

கோபத்தில் பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். கோபம்தான். யார் மேல் கோபம் என்று கேட்டால்தான் எனக்குச் சட்டென்று பதில் வராது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா மாங்காட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நிலமெல்லாம் மனையானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். நாங்கள் இரண்டு பெண்கள். நான் சித்ரா, ஐந்து வயது சின்னவள். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாத்ரூம் இருந்தது. அதற்குக் கதவு கிடையாது. காலையில் தண்ணீர் குடிக்காமல் போனால் பிரச்சினையே இல்லை என்று கண்டுபிடித்தவள் அக்காதான். "வாயக் கொப்புளிச்சு துப்பிடு. முழுங்காத. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து எவ்ளோ வேணும்னாலும் குடி" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

பத்தாவது முடித்த கையோடு அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனாள். பத்தொன்பது வருஷம் தைத்தாள். ஒரு லைனுக்கு நாற்பது மெஷின், நாற்பது பெண்கள், இரண்டே இரண்டு டோக்கன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேஜையிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து வைத்தால்தான் இன்னொருத்தி எழுந்திருக்கலாம். அந்த ஆள் முகத்தைப் பார்க்க மாட்டான், கடிகாரத்தைப் பார்ப்பான். பேபி அந்த டோக்கனைத் தொட்டதே இல்லை என்பது அந்த லைனில் பெரிய பேச்சு. "எனக்கு வேணாம்டி, எம் பங்க நீங்க எடுத்துக்குங்க" என்பாளாம். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அவள் பங்கில் எழுந்து போனார்கள். அதைக் கேட்டு நானும் அந்த வயதில் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த லைனில் நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் சிலர் இருந்தார்கள். கன்னியாகுமரியில் மூன்று கடல் சேர்கிற இடத்தைப் பற்றி அவர்கள் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அது ஒரு ஆசையாக ஏறிவிட்டது. ஏறி என்ன செய்ய? இருபத்திரண்டு வயதில் அவளைக் கட்டிக்கொண்ட மதுரைவீரன் மாமா டூரிஸ்ட் பஸ் டிரைவர். ஊரார் குடும்பத்தையெல்லாம் கன்னியாகுமரிக்கு நாற்பது தடவையாவது கூட்டிப்போயிருப்பார். கலர் மணல் பாக்கெட்டும் கிளிஞ்சல் வைத்த கண்ணாடியும் வாங்கிவந்து கொடுப்பார். கூப்பிடவும் செய்வார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "பஸ்ஸு எனக்கு ஒத்துக்காதுங்க" என்று அக்கா சொல்லிவிடுவாள். அவளுக்கு வாந்தி வரும் போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். எதற்காக ஒத்துக்கொள்ளாது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை அவளுக்கு நீர்க்கடுப்பு வரும். பார்லி கஞ்சி, இளநீர், ஊறவைத்த வெந்தயம் என்று சமாளிப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிர்ஜுரத்தோடு வந்தது. பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கத்துக் கிட்னி சுருங்கிவிட்டது, இடது பக்கத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும், அடக்கவே கூடாது என்றார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா கிட்ட கிட்னி கிட்னினு சொல்லி வெக்காத. பயந்துடுவாரு. நெறைய தண்ணி குடிக்க சொன்னாங்கனு மட்டும் சொல்லு."

நானும் அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் கோடு போட்ட பாட்டிலை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கணக்காகக் குடித்தாள். கரையான்சாவடியில் அவள் வீடு சின்ன வீடுதான். ஆனால் தாழ்ப்பாள் உள்ள பாத்ரூம் உண்டு. வீட்டிலிருந்த வரைக்கும் என் அக்கா நன்றாகவே இருந்தாள்.

இனி ஸ்டெப்னி கதைக்கு வருகிறேன். மாமாவுக்கு அந்த டயரின் மேல் இருந்தது பைத்தியம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆவடியிலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு கல்யாண வண்டி எடுத்தார். முதலாளி அவருக்குச் சொல்லாமல் ஸ்டெப்னியைக் கழற்றி வேறு பஸ்ஸில் மாட்டிவிட்டிருந்தான். நடுவழியில் டயர் வெடித்தது. மாற்று டயர் வந்து சேர நாலு மணி நேரம். முகூர்த்தம் தப்பிப்போய், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் பெண்ணைப் பெற்றவர் செருப்பைக் கழற்றி மாமாவை அடித்துவிட்டார். மாமா வாங்கிக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் அடித்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வார்.

அதற்கப்புறம் காலையில் காபி குடிக்கிறதற்கு முன்னால் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்ப்பார். "ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுக்கறவன் டிரைவரே இல்ல" என்பது அவர் வீட்டுச் சட்டம். பரத் புதுக் கார் வாங்கினான். இப்போது வருகிற சில கார்களில் ஸ்டெப்னியே தருவதில்லையாம், காற்றடிக்க ஒரு சின்ன மிஷின்தான் கொடுக்கிறார்களாம். மாமா அந்தக் காரைச் சுற்றி வந்து டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, பெற்ற மகன் காரில் ஏற மாட்டேன் என்று கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போனார். நாங்கள் சிரித்துச் சிரித்துக் களைத்தோம்.

அறுபது வயதில் வேலையை விட்டார். ஒரு கம்பெனி தன் பழைய ஸ்டாஃப் வேனை விற்றபோது அதை வாங்கிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்து வீடு மாதிரி செய்துகொண்டு ஊர் சுற்றுகிறவர்களை போனில் பார்த்துப் பார்த்து அவருக்கும் அந்த ஆசை. "பேபி, ஊர்க்காரன எல்லாம் இட்டுகினு போனேன், ஒன்ன மட்டும் இட்டுகினு போகல. இப்போ நம்ம ஊட்டயே எடுத்துகினு போறோம். கன்னியாகுமரி மொதல்ல" என்றார். அன்றைக்கு என் அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தினக் காலண்டரில் நாலைந்து தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் வண்டிக்குள் எது எங்கே என்று போட்டுப் போட்டுப் பார்த்தாள். கட்டில் இங்கே, அடுப்பு இங்கே, பின்னால் மூலையில் ஒரு கட்டம்.

"இது இன்னா?" என்றார் மாமா.

"பாத்ரூமு."

"வண்டிலயா?"

"ஊட்ல கீற மாதிரி எல்லாம் வண்டில இருந்தா தான அது ஊடு. இல்லனா அதுவும் இன்னொரு பஸ்ஸு தான" என்றாள் அக்கா. இத்தனை நீளமாக அவள் அவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. மாமாவும் சந்தோஷமாகத் தலையாட்டினார். துணைக்கு என்னையும் வரச் சொன்னார்கள்.

வண்டியைக் கரையான்சாவடியிலேயே ஏகாம்பரம் ஷெட்டில் விட்டோம். வேனுக்கு பாடி கட்டுகிறவர் அவர். டிபன் வண்டி, ஜூஸ் வண்டி எல்லாம் செய்து கொடுப்பார். ஒரு வாரம் கழித்து எங்கள் மூன்று பேரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். பின்பக்கம் அடிச்சட்டத்துக்குக் கீழே ஸ்டெப்னி தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே, பாத்ரூம் வெச்சா அந்த அழுக்குத் தண்ணிக்கு கீழ ஒரு டேங்கு மாட்டியாவணும். அதுக்கு இருக்கறது இந்த எடம் ஒண்ணு தான். இங்க ஸ்டெப்னி கீது. ரெண்டுல ஒண்ணு தான் வெக்க முடியும்."

மேலே கூரையில் போடலாமா என்று மாமா கேட்டார். பழைய கூரை, தகடு தாங்காது. தாங்கினாலும் அந்தக் கனத்தைத் தோள்வலியோடு இவர் எப்படி இறக்குவார்? பின்கதவில் மாட்டலாமா என்றால் கீல் பிய்ந்துவிடும். உள்ளே வைக்கலாமா என்றால் கட்டிலுக்கே காலை மடக்கத்தான் இடம். எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து காட்டினார் ஏகாம்பரம். கடைசியில் அவரே அக்காவுக்காகப் பேசினார்.

"ஸ்டெப்னிய வுட்டுடு அண்ணாத்தே. டயரு நாலும் புச்சா போட்டு கீற. பங்க்ச்சர் கடை தான் ரோடு பூரா கீதே. ஒரு போன் போட்டா வந்து நிப்பான்."

"பெட்ரோல் பங்க் கூடத்தான் ரோடு பூரா கீது" என்றார் மாமா. "எல்லா பங்க்லயும் லேடீஸ் பாத்ரூமு வெச்சி கீறான். நடு ரோட்டுல டயரு போச்சுனா ரெண்டு பொம்பளைங்கள வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

ஏகாம்பரம் டார்ச்சை அணைத்தார். மாமா அக்காவிடம் திரும்பினார். அதட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். "இன்னா பேபி, நீ இன்னா சொல்ற?"

அக்கா டயரைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கல்யாணத்தில் அவர் வாங்கிய அடி அவளுக்குத்தானே தெரியும். ராத்திரியெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தவள் அவள்.

"சரிங்க. ஸ்டெப்னியே இருக்கட்டும்" என்றாள்.

பாத்ரூம் என்று அக்கா கட்டம் போட்ட மூலையில் ஏகாம்பரம் பாத்திரம் வைக்க ஒரு அலமாரி அடித்துக் கொடுத்தார். அழகான அலமாரி.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அக்கா குரலைத் தாழ்த்தி, "நீ கொஞ்சம் மாமா கிட்ட சொல்லேன் சித்ரா. நீ சொன்னா கேப்பாரு" என்றாள்.

என்னிடம் மாமாவுக்கு ஒரு பயம் உண்டு. நான் வாய்க்காரி. ஐயப்பன்தாங்கலில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை எனக்கு. தினமும் பதினோரு பாத்ரூம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். அந்த வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் சொன்னதைக் கேளுங்கள்.

"வுடுக்கா. ஒரு வாரம் தான. நம்ம இன்னா புச்சாவா அடக்குறோம்?"

அக்கா சிரித்தாள். "அதுவும் சரி தான்" என்று அடுத்த புடவையை எடுத்தாள். கிட்னி சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அந்த அறையில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் நான். அது எனக்கு நினைவில்லாமல் இல்லை. அந்த நேரத்தில் அது பெரிதாகத் தோன்றவில்லை. என் அம்மா அடக்கினாள், நான் அடக்குகிறேன், என்னிடம் வேலை செய்கிற பெண்கள் அடக்குகிறார்கள். அடக்கினால் சாவார்கள் என்று எவளும் நினைப்பதில்லை.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார் மாமா. குனிந்து ஸ்டெப்னிக்கு மட்டும் மஞ்சள் குங்குமம் வைத்தார். உள்ளே பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் ஏற்றியிருந்தது. அக்கா முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரியும், நானும் நிறுத்தியிருந்தேன்.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு ஓட்டலில் டிபன் சாப்பிட்டோம். அங்கே பெண்கள் பாத்ரூமில் கூல்டிரிங்க்ஸ் பெட்டிகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் மாமா ஒரு பெட்ரோல் பங்க்கில் தானாகவே நிறுத்தினார். "போய்ட்டு வாங்க, போர்டு போட்டு கீது பாரு" என்றார். போர்டு இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி வைத்திருக்கிற ஆள் சாப்பிடப் போயிருக்கிறான் என்றார்கள். அரை மணி நேரம் நின்றோம். காற்றடிக்க வந்த லாரிக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கிள்ளி, போகலாம் என்றாள். "ஆச்சா?" என்று மாமா கேட்டார். "ஆச்சுங்க" என்றாள். அவர் சந்தோஷமாக வண்டியை எடுத்தார்.

விராலிமலை தாண்டி ஒரு முள்காட்டுக்குப் பின்னால் நான் போய்விட்டேன். எனக்கு வெட்கமில்லை. அக்காவும் கூட வந்தாள். உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள். "வெளியில வர மாட்டேங்குதுடி. நாப்பது வருசமா வராதேனு சொல்லி சொல்லி வெச்சிருக்கேன் இல்ல, இப்போ வானு சொன்னா எப்டி வரும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு மதுரைக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். மண்டபம் பூட்டியிருந்தது. அக்கா சமைத்தாள், பரிமாறினாள், மாமாவுக்குக் கால் பிடித்துவிட்டாள். தனக்கு மாத்திரை போட ஒரு மடக்கு தண்ணீர் எடுத்துக்கொண்டாள். என்ன மாத்திரை என்றேன். தலைவலி என்றாள். ஜுர மாத்திரை அது. கடைசி வரைக்கும் நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் கோவில்பட்டியைத் தாண்டும்போது நல்ல உச்சிவெயில். அக்கா போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "குளுருது சித்ரா" என்றாள். பல் கிட்டியது. கையைப் பிடித்தால் அடுப்பில் வைத்த தவா மாதிரி கொதித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். நான் போட்ட சத்தத்தில் மாமா பிரேக் அடித்தார். அப்புறம் திருநெல்வேலி வரைக்கும் அவர் வண்டி ஓட்டின விதத்தை நான் வேறு எந்த டிரைவரிடமும் பார்த்ததில்லை. ஒரு இடத்தில்கூட அவள் தலை கட்டிலில் இடிக்கவில்லை. டயர் எதுவும் பஞ்சராகவில்லை. போன வழி முழுக்க ஒரு டயர்கூடப் பஞ்சராகவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சின்ன வயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, கிட்னியில் கிருமி பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது, வேலை செய்த ஒரு கிட்னியும் நின்றுவிட்டது என்றார். ஒரு கிட்னி ஏற்கெனவே போய்விட்டதை மாமா அங்கேதான் முதல்முறையாகக் கேட்டார்.

"கடைசியா எப்போ தண்ணி குடிச்சாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வண்டில பன்னெண்டு பாட்டில் கீது சார்" என்றார் மாமா.

"இருக்குறது சரி. எப்போ குடிச்சாங்க?"

மாமா என்னைப் பார்த்தார். "ஒழுங்கா குடிச்சது புதன்கிழம சாயங்காலம்" என்றேன் நான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாமா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை காலையில் என்னை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அக்காவுக்கு நினைவு இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் டியூப் போட்டு ஒரு பை தொங்கவிட்டிருந்தார்கள். பையில் ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. அக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"டியூப் போட்டுட்டாங்க பாத்தியா. இனிமே எங்கயும் எயுந்து போவ வேணாமாம். ஒரு சொம்பு தண்ணி எட்த்தா. இப்போ குடிக்கலாம்."

நான் நர்ஸிடம் ஓடினேன். கூடாது என்றார்கள். கிட்னி நின்றுவிட்டதால் குடித்தால் தண்ணீர் நெஞ்சில் போய்ச் சேரும், உதட்டை நனைக்கலாம், அவ்வளவுதான் என்றார்கள். ஒரு துண்டுப் பஞ்சைக் கொடுத்தார்கள். அந்தப் பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். அதை அவள் சப்பினாள். இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் கேட்டாள். நேரம் முடிந்துவிட்டது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகிறதற்குள் என் அக்கா போய்விட்டாள். கன்னியாகுமரி அங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து மாமா மாங்காட்டுக்கு என் வீட்டுக்கு வந்தார். ஷேவ் பண்ணவில்லை. வண்டியில் வரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்.

"கடசியா உள்ள போய் பாத்தவ நீ தான். இன்னா சொன்னா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். உங்களைத்தான் கேட்டாள் மாமா, உங்களைப் பார்த்துக்கச் சொன்னாள் மாமா என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அந்த மனுஷனை அனுப்பியிருக்கலாம். எனக்கு ஒரு மாதமாக நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். டியூப், பை, ஒரு சொம்பு தண்ணீர், இப்போ குடிக்கலாம் என்று அவள் சொன்னது, பஞ்சைச் சப்பினது, எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"பக்கத்துல கோயில் கொளம்னு போனா கூட வண்டிய நிறுத்துங்கனு முப்பத்தினாலு வருசத்துல ஒரு வாட்டி கூட கேட்டதில்ல சித்ரா. பொம்பளைங்க ஏறனா பத்து எடத்துல நிறுத்தணும்பானுங்க மத்த டிரைவருங்க. எம் பொண்டாட்டி அப்டி இல்லடானு சொல்லுவேன் நான். அவளுக்கு வராதுனு நெனச்சிகினு இருந்தேன். நெசமா, வராதுனு தான் நெனச்சேன்."

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, சுடுகாட்டிலும் அழவில்லை. நானும் அழுதேன். கொஞ்சம் அடங்கினதும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை.

"ஒனக்கு தெரியுமா?" என்றார். "அவ தண்ணி குடிக்காம வர்றது. கிட்னி கெட்டது. எல்லாம் ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும் மாமா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஆயிரம் கேட்டிருப்பேன். தெரியாதவர் வழி கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே சித்ரா. ஷெட்டுலயே கயட்டிப் போட்டிருப்பேனே அந்த டயர."

கழற்றித்தான் போட்டிருப்பார். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.